வலைத்தளத்தில் 92, தேர்வில் 41: இயற்பியல் பயிற்சி எங்கே பிசகுகிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். நாகப்பட்டினத்தில் பிறந்து, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகன் கிரேடு 11 படிக்கிறான். இன்ஜினியரிங் போக ஆசை. தினமும் சாயந்திரம் இரண்டு மணி நேரம் போனில் ஒரு பயிற்சித் தளத்தைத் திறந்து இயற்பியல் கணக்கு போடுகிறான். எப்போது எட்டிப் பார்த்தாலும் பச்சை டிக்தான். நியூட்டன் விதிகள் பாடத்தில் 92 காட்டியது. ஆனால் ஜூன் தேர்வில் இயற்பியல் தாளில் வாங்கியது 41. இரண்டு பெரிய கேள்விகளைத் தொடவே இல்லை. வேறு சில இடங்களில் விடையை மட்டும் எழுதி வைத்திருக்கிறான். "போனை வைத்து விளையாடுகிறான், அதை நிறுத்திவிட்டு டியூஷனுக்கு அனுப்பு" என்கிறார் வீட்டுக்காரர். டேட்டாவுக்கும் காசு போகிறது. நான் ஊரில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரைதான் படித்தேன். என்னால் அவனுக்கு ஏதாவது செய்ய முடியுமா? லேப்டாப் வாங்கித் தந்தால் தேறுவானா?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: பையன் ஏமாற்றவில்லை. அந்த 92 உண்மை, இந்த 41-உம் உண்மை. இரண்டும் வெவ்வேறு திறமைக்குக் கிடைத்த மதிப்பெண்கள், அவ்வளவுதான்.

பயிற்சித் தளத்தில் "நியூட்டனின் இரண்டாம் விதி" என்ற தலைப்பைத் தொட்டதுமே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது. எந்த விதி என்று யோசிக்க வேண்டியதே இல்லை. முதல் கணக்கில் பெட்டியின் நிறை 5 கிலோ, அடுத்ததில் 8 கிலோ, அதற்கடுத்ததில் 12 கிலோ. எண்கள்தான் மாறுகின்றன, செய்முறை ஒன்றே. ஒரே அச்சில் முறுக்கு பிழிகிற மாதிரி. பத்தாவது கணக்கில் கை தானாக ஓடும், டிக்கும் விழும். தேர்வுத் தாளில் தலைப்பு இருக்காது. இது விசைக் கணக்கா, ஆற்றல் கணக்கா, இயக்கச் சமன்பாடா என்று பையனே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தை அவன் ஒரு நாளும் பழகவில்லை. அதனால்தான் இரண்டு கேள்விகளை வெறுமையாக விட்டிருக்கிறான். பாடம் தெரியாததால் விட்டான் என்று நான் நினைக்கவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் விட்டிருப்பான்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது அல்ல. அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைக் கனவடிவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகையாக, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு நான்கு வகையும் கலந்தே வந்தன. பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து செய்தவர்கள் திணறி 60-இல் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் எல்லாம் தலைகீழ்: கலந்து செய்தவர்கள் 63, வகைவகையாகச் செய்தவர்கள் 20. உங்கள் மகனின் 92-உம் 41-உம் இந்தக் கதைதான். பயிற்சியில் சுலபமாக இருப்பதைப் பார்த்து "வந்துவிட்டது" என்று அவனும் நம்புகிறான், நீங்களும் நம்புகிறீர்கள்.

ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நீங்கள் பத்தாவது வரை படித்தவர், இது உங்களுக்குப் புரியும்.

கரடுமுரடான தரையில் 10 கிலோ பெட்டி. கயிறு கட்டி, தரையிலிருந்து 30 பாகை மேல்நோக்கிச் சாய்த்து, 60 நியூட்டன் விசையுடன் இழுக்கிறோம். உராய்வுக் கெழு 0.2. பெட்டியின் முடுக்கம் என்ன?

தளத்தில் கிடைமட்டமாக இழுக்கும் கணக்குகளையே போட்டுப் பழகிய பிள்ளை யோசிக்காமல் இப்படிச் செய்வான்: எடை 10 பெருக்கல் 9.8, அதாவது 98 நியூட்டன். ஆகவே தரை மேல்நோக்கித் தரும் நார்மல் விசையும் 98. உராய்வு அதில் 0.2 பங்கு, 19.6. கயிற்றின் கிடைமட்டக் கூறு 51.96. கழித்தால் 32.36, நிறையால் வகுத்தால் 3.24. தப்பு.

கயிறு சற்று மேல்நோக்கியும் இழுக்கிறது அல்லவா? 60 நியூட்டனில் 30 நியூட்டன் பெட்டியைத் தூக்கிப் பிடிக்கிறது. அப்படியானால் தரை தாங்க வேண்டியது 98 அல்ல, 68 தான். உராய்வு 13.6 ஆகக் குறைகிறது. நிகர விசை 38.36, முடுக்கம் ஒரு வினாடி வர்க்கத்துக்கு 3.84 மீட்டர்.

இப்போது அதே பெட்டியை அதே 60 நியூட்டனில், அதே 30 பாகையில், பின்னாலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளினால்? அந்த 30 நியூட்டன் இப்போது பெட்டியைத் தரையோடு அழுத்துகிறது. நார்மல் 128, உராய்வு 25.6, முடுக்கம் 2.64. பாரமான சாமானைத் தள்ளுவதைவிட இழுப்பது லேசு என்று வீடு மாற்றிய எவருக்கும் தெரியும். அதன் காரணம் இந்த மூன்று வரியில் இருக்கிறது. இழுப்பது, தள்ளுவது, கிடைமட்டமாக இழுப்பது என்று மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்த பிள்ளை, நார்மல் விசையை இனி ஒருபோதும் கண்ணை மூடிக்கொண்டு எடைக்குச் சமம் என்று எழுத மாட்டான். எண்ணை மட்டும் மாற்றி முப்பது கணக்கு போடுவதைவிட, ஒரே கணக்கில் நிலைமையை மூன்று விதமாக மாற்றிப் போடுவதில்தான் பலன் அதிகம் என்பேன். தளம் இதைத் தானாகச் செய்து தராது. பையன்தான் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த முதல் தப்பு எங்கே பிறந்தது என்பதையும் கவனியுங்கள். படம் போடாததால் பிறந்தது. ஒரு புள்ளி, அதிலிருந்து நான்கு அம்புகள்: எடை கீழே, நார்மல் மேலே, கயிறு சாய்வாக, உராய்வு பின்னால். இதைத் தாளில் போட்டிருந்தால் கயிற்று அம்பு மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டே தீரும். போனில் கணக்கு போடுகிற பிள்ளைகள் படம் போடுவதில்லை. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை, போன் திரையில் விடைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, படத்துக்கு இடமே இல்லை.

இனி, விடையை மட்டும் எழுதிய விஷயம். இதற்கும் தளப் பழக்கம்தான் காரணம், ஆனால் இது சீக்கிரம் சரிசெய்யக்கூடியது. அடுத்த வருடம் கிரேடு 12-இல் அவன் எழுதப்போகும் மெட்ரிக் இயற்பியல் தாள் மூன்று மணி நேரம், 150 மதிப்பெண். அதில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முதல் கேள்விக்கு 20 மதிப்பெண். மீதி 130-உம் எழுதிக் காட்ட வேண்டியவை. எல்லாக் கணக்கிலும் சூத்திரத்தையும் பிரதியிடுதலையும் காட்ட வேண்டும் என்று தாளின் தொடக்கத்தில் உள்ள அறிவுரைகளிலேயே போட்டிருக்கும். திருத்துகிறவர் கையில் இருக்கும் மெமோவில், அதாவது விடைக்குறிப்பில், சூத்திரத்துக்கு ஒரு டிக், பிரதியிட்டதற்கு ஒரு டிக், அலகோடு சேர்ந்த விடைக்கு ஒரு டிக் என்று பிரித்திருப்பார்கள். விசைப் படத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. வரையறைக்கும் உண்டு. நியூட்டனின் இரண்டாம் விதியைச் சொல்லும்போது "நிகர விசை" என்பதில் "நிகர" விட்டுப்போனால் மதிப்பெண்ணும் விட்டுப்போகும். பயிற்சித் தளம் இவற்றில் எதையும் பார்ப்பதில்லை, கடைசி எண்ணை மட்டும் பார்க்கிறது.

இன்னொன்றையும் அவனிடம் சொல்லுங்கள். முதல் பகுதியில் வந்த தப்பான விடையை அடுத்த பகுதியில் முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அந்த அடுத்த பகுதிக்கு மதிப்பெண் தருகிற வழக்கம் இங்கே உண்டு. ஆகவே கேள்வியைத் தொடாமல் விடுவதுதான் மிகப் பெரிய நஷ்டம். படம் போட்டு, தெரிந்ததை எழுதி, சூத்திரத்தை எழுதி வைத்தாலே ஏதாவது தேறும்.

சரி, தளத்தை நிறுத்தலாமா? வேண்டாம். உடனுக்குடன் சரி, தப்பு என்று சொல்வது சின்ன உதவி அல்ல. பள்ளிக்கூட நோட்டு திருத்தி வருவதற்கு ஒரு வாரம் ஆகும், அதற்குள் பிள்ளை அந்தக் கணக்கையே மறந்திருப்பான். தளத்தைப் பயன்படுத்தும் விதத்தை மட்டும் மாற்றுங்கள்.

போன் மேஜையின் ஒரு மூலையில் இருக்கட்டும், எதிரே நோட்டு இருக்கட்டும். கேள்வியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தாளில் படம், தெரிந்த எண்கள், எந்த விதி, ஏன் என்று ஒரு வரி, பிறகு கணக்கு. விடை வந்த பிறகே போனைத் திருப்ப வேண்டும். தப்பு என்று காட்டினால் உடனே இன்னோர் எண்ணைப் போட்டுப் பார்க்கக் கூடாது. தாளில் தப்பு எங்கே என்று தேட வேண்டும். இரண்டாம் முறையும் தப்பானால் தளத்தின் தீர்வைப் படித்துவிட்டு, மூடிவிட்டு, மறுநாள் தீர்வைப் பார்க்காமல் அதே கணக்கைப் போட வேண்டும். இப்படிச் செய்தால் இரண்டு மணி நேரத்தில் முப்பது கணக்கு ஓடாது, ஏழெட்டுதான் வரும். தளத்தில் சதவீதமும் இறங்கும். இறங்கட்டும். அப்போது "ஏன்டா குறைந்தது?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மறுநாளே பழைய வழிக்குப் போய்விடுவான்.

குறிப்புப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. குறிப்பை மளமளவென்று கடைசி வரை அழுத்தினால் விடையே வந்துவிடும். இது பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரிந்துவிடுகிறது. கணினிப் பயிற்சி மென்பொருளை இப்படி "ஏய்க்கும்" மாணவர்களை ரையன் பேக்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2004-இல் ஆராய்ந்தார்கள். பாடத்தை விட்டு அரட்டை அடிக்கிற மாணவர்களைவிடவும் இவர்களுடைய கற்றல்தான் அதிகம் அடிபட்டிருந்தது. இப்போது கேள்வியைப் படம் பிடித்தால் முழுத் தீர்வையும் தரும் செயலிகளும் வந்துவிட்டன. அவற்றைத் தடை செய்யச் சொல்ல மாட்டேன், தடை செய்யவும் முடியாது. தன் தாளில் ஒரு முழு முயற்சி இருந்த பிறகு, அதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் திறக்கலாம் என்று வீட்டு விதி வையுங்கள்.

அடுத்தது கலந்து செய்வது. வாரத்தில் மூன்று நாள் புதுப்பாடம் என்றால், இரண்டு நாள் கலப்பாக இருக்கட்டும்: இரு பரிமாண வெக்டர் ஒன்று, நியூட்டன் விதி ஒன்று, ஈர்ப்பு விதி ஒன்று, கூலும் விதி ஒன்று, போன வருட இயக்கச் சமன்பாடு ஒன்று. ஈர்ப்பும் கூலும் விதியும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு. ஆனால் ஒன்றில் நிறை, மற்றொன்றில் மின்னூட்டம். தனித்தனியாகப் படித்தால் குழப்பம் தெரியாது. அடுத்தடுத்துப் போட்டால்தான் எந்த மாறிலியை எங்கே போட்டோம் என்ற தடுமாற்றம் வெளியே வரும். அது வீட்டில் வெளியே வருவது நல்லது.

ஒரு விளையாட்டும் சொல்கிறேன், இதற்கு டேட்டாவே வேண்டாம். 1981-இல் மிஷெலின் சீயும் உடன் ஆய்வாளர்களும் இயற்பியல் கணக்குகளை அட்டைகளில் கொடுத்து, தீர்க்காமல் வகை பிரிக்கச் சொன்னார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் "இது சாய்தளக் கணக்கு, இது கப்பிக் கணக்கு" என்று வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் "இது ஆற்றல் அழியா விதி, இது நியூட்டனின் இரண்டாம் விதி" என்று உள்ளே இருக்கும் தத்துவத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். உங்கள் மகனும் பழைய தாள்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு கேள்விகளை வெட்டி அட்டைகளில் ஒட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்றையும் எடுத்து, "இதில் எந்த விதி, எதை வைத்து அப்படிச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். தீர்க்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் போதும். அவன் விட்டுவிட்டு வந்த அந்த இரண்டு கேள்விகளுக்கும் இதுதான் மருந்து.

உங்களால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. அட்டையைப் பிடிக்கப் போவது நீங்கள்தான். அவனுடைய பாடம் ஆங்கிலத்தில் இருந்தால் என்ன, வீட்டில் உங்களிடம் தமிழில் சொல்லட்டும். விசை, முடுக்கம், உராய்வு எல்லாம் நீங்கள் பத்தாவதில் படித்தவைதான். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "இந்தப் பெட்டியை யார் யார் தள்ளுகிறார்கள், இழுக்கிறார்கள்?" "ஏன் இந்தச் சூத்திரம், ஏன் மற்றது இல்லை?" விடை சரியா என்று நீங்கள் பார்க்க வேண்டாம். அவன் சொல்லும்போது எந்த இடத்தில் மென்று முழுங்குகிறான் என்று கவனியுங்கள். "அது அப்படித்தாம்மா" என்று சொல்கிற இடத்தில்தான் அவனுக்குப் புரியவில்லை. அந்த இடத்தை நோட்டில் குறித்து, மறுநாள் பள்ளியில் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெற்ற தாயிடம் சொல்ல வெட்கப்படுகிற வயதுதான், ஆனாலும் சாப்பாடு நன்றாக இருந்தால் பேசுவான்.

டேட்டா செலவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பழைய மெட்ரிக் தாள்களும் மெமோக்களும் அடிப்படைக் கல்வித் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையமே வேண்டாம். மெட்ரிக் தாள்தானே, கிரேடு 11 பிள்ளைக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். நியூட்டன் விதிகள் கிரேடு 11 பாடம், மெட்ரிக் தாளில் பெரும்பாலும் இரண்டாம் கேள்வியாக வருவது அதுதான். ஒவ்வொரு தாளிலும் அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்து, நேரம் வைத்துப் போட்டு, மெமோவை வைத்துத் தன் தாளைத் தானே டிக் டிக்காகத் திருத்தச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், எந்தத் தளத்தையும்விட இதைத்தான் முதலில் வைப்பேன்.

கேப் டவுனைச் சேர்ந்த சியாவுலா நிறுவனத்தின் இயற்பியல் பாடநூல்கள் இலவசம், நம் நாட்டுப் பாடத்திட்டத்தை ஒட்டியவை. அவர்களுடைய பயிற்சித் தளமும் அதே பாடத்திட்டம்தான். வெளிநாட்டுத் தளங்களில் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றும் 9.81 என்றும் போடுவார்கள், நம் தாளில் 9.8. கடைசி விடையைக் குறைந்தது இரண்டு தசம இடம் வரை தர வேண்டும் என்பதும் நம் ஊர் விதி. இந்த மாதிரிச் சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் பிள்ளை தடுமாறக் கூடாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற, திரையிலேயே செய்து பார்க்கும் கணினிச் சோதனைகளையும் சொல்ல வேண்டும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. இறக்கி வைத்து இணையம் இல்லாமலும் ஓட்டலாம். விசையையும் உராய்வையும் கூட்டிக் குறைத்துப் பெட்டி எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம், மின்சுற்று கட்டலாம். ஆனால் வேடிக்கை பார்ப்பதோடு நின்றால் பலனில்லை. "உராய்வைக் கூட்டினால் என்ன ஆகும்?" என்று முதலில் தாளில் எழுதிவிட்டுப் பிறகு ஓட்ட வேண்டும். பக்கத்து நூலகத்தில் இலவச வைஃபை உண்டா என்றும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

டியூஷன்? இப்போதே வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு வாரம் இந்த முறையில் போகட்டும். அதன் பிறகும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சிக்கினால், அந்தச் சிக்கல் எழுதிய நோட்டோடு போகட்டும். நோட்டைப் பார்த்து, "இங்கே ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்கிற ஆசிரியர் கிடைத்தால் கொடுக்கிற காசு வீண்போகாது. பலகையில் முப்பது பேருக்கு ஒன்றாகத் தீர்வு எழுதிப் போடுகிற வகுப்பு என்றால், அது அந்தப் பயிற்சித் தளமேதான், பஸ் காசு மட்டும் கூடுதல். இன்ஜினியரிங் என்று எழுதியிருக்கிறீர்கள், கணிதத்தில் அவன் எப்படி என்று எழுதவில்லை. சைன், கோசைன், சமன்பாட்டை மாற்றி எழுதுவது ஆகியவற்றில் தடுமாறினால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். இயற்பியலில் விழுகிற பாதி அடி அங்கிருந்துதான் வருகிறது.

லேப்டாப் வாங்க வேண்டாம். போன் போதும், கூட ஒரு தடித்த நோட்டும் பென்சிலும். அவனுடைய கால்குலேட்டரை மட்டும் இன்று ராத்திரியே கையில் எடுத்துப் பாருங்கள். சைன் 30 போட்டால் 0.5 வர வேண்டும். மைனஸ் 0.988 என்று வந்தால் அது பாகையில் இல்லாமல் ரேடியனில் கிடக்கிறது. அப்படிக் கிடந்தால் சாய்வு வருகிற அத்தனை கணக்கும் தப்பாகத்தான் வந்திருக்கும், ஜூன் தாளை ஒருமுறை எடுத்து வைத்து அதையும் சேர்த்துப் பாருங்கள்.